முள்ளம்பன்றிப் படம்

லீட்ஸ் நகரில் ஏர் என்று ஓர் ஆறு.
எதையும் உழுவதில்லை.
அதைப் பார்த்தபடி ஆறாவது மாடியில் எனக்கு வேலை:
பொருளாதார நிபுணர்கள் சொன்னதையெல்லாம்
நடந்ததன் மேல் வரைந்து வைப்பது.

நடந்தது ஒரு கறுப்புக் கோடு.
வங்கி வட்டி, மாதம் மாதமாக.
சொன்னவை மெல்லிய நிறக் கோடுகள்.
காலாண்டுக்கு ஒன்று கறுப்பிலிருந்து கிளம்பும்.

பத்து வருடமாக எல்லாம் மேலே பார்த்துக் கிளம்பின.
அடுத்த வருடம் ஏறும், உறுதியாக ஏறும்,
தவறினால் அதற்கடுத்த வருடம்.
வட்டியோ தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது,
மீன் தலை தின்ற பூனையைப் போல.
பிறகு எல்லாரும் களைத்துப்போய்
இனி இது எழும்பாது என்று
கோடுகளைப் படுக்கப் போட்ட வருடத்தில்
எழுந்து ஓடியது.

தூரத்திலிருந்து பார்த்தால் முள்ளம்பன்றி.
முதுகு நெடுக நிமிர்ந்த முள்.
தலை தூக்கும் இடத்தில் மட்டும் படுத்த முள்.

பஞ்சாங்கத்தைப் பிழிந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது
என்பதை இவர்களுக்கு மொழிபெயர்த்துப் பார்த்தேன் ஒருநாள்.
"யார் பிழிந்து பார்த்தது?" என்றார் கிரேயம்.
நல்ல மனிதர்.
தன் பிழைகளை இரண்டு தசம தானம் வரை சொல்வார்.

ஜனவரியில் கடிதம் வந்தது.
ஆம்லியில் எங்கள் செங்கல் வீட்டின் நிலை வட்டி
மார்ச் முப்பத்தோராம் தேதியோடு சரி.
இனி ஐந்து வருடத்துக்குக் கட்டிப்போடுவதா,
வங்கியோடு சேர்ந்து ஏறி இறங்க விடுவதா?

குகேந்திரன் யாருடையதோ கொதிகலனைத் திருத்திவிட்டு வந்து
சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டார்:
"உங்கட கிரேயம் என்ன சொல்லுறார்?"
குறையுமாம்.
"நீர் என்ன சொல்லுறீர்?"
நான் வெங்காயம் உரித்தேன்.
"அங்கதானே வேலை செய்யிறீர்" என்றார்,
மீன் நல்லதா என்று
மீன்காரன் பெண்சாதியிடம் கேட்பவரைப்போல.

மறுநாள் கேத்தல் கொதிக்கும் இடைவெளியில்
கிரேயத்திடம் கேட்டேன்.
அறிக்கையைப் பற்றி அல்ல, அவருடைய சொந்த வீட்டைப் பற்றி.
தேநீர்ப் பையைத் தேவைக்கு மேல் அழுத்தினார்.
"பத்து வருடம். நிலை வட்டி.
இல்லாவிட்டால் ஃபியோனா தூங்கமாட்டாள்."
குறையும் என்ற அறிக்கை அன்று மதியம் வெளியானது,
அவர் கையெழுத்தோடு.

அந்த இரவு எரிவாயு பில்லின் பின்பக்கத்தில்
என்ன நடக்கும் என்று நாங்கள் எழுதவில்லை.
ஒரு சதவீதம் ஏறினால் எதை விடுவது,
இரண்டு ஏறினால் எதை.
ஆரபியின் பல் கம்பி வரை வந்து
பேனாவை வைத்துவிட்டார் குகேந்திரன்.
அடமானத்துக்குள் மானம் எதுக்கு வந்து
குந்திக்கொண்டிருக்குது என்றார்.
ஐந்து வருடத்துக்குக் கையெழுத்திட்டோம்.

மே மாதம் வட்டி குறைந்தது.
கிரேயம் சொன்ன மாதம். சொன்ன கால் சதவீதம்.
ஆறாவது மாடியில் எலுமிச்சைக் கேக் வெட்டினார்கள்.
எனக்கும் ஒரு துண்டு.
எங்கள் வீட்டுக் கணக்கில்
மாதம் முப்பத்தொரு பவுண் பெறுமதியான துண்டு.
ருசியாகத்தான் இருந்தது.

மேசைக்குத் திரும்பி
ஜனவரியில் பச்சையில் வரைந்த அவர் கோட்டைத் தேடினேன்.
காணவில்லை.
பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன்.
கடைசியில் கறுப்புக் கோட்டை ஒரு கணம் அணைத்தேன்.
அடியில் கிடந்தது பச்சை, இதுவரை அச்சொட்டாக.
பக்கத்தில் வேறு வேறு வருடத்துத் துண்டுகள் சில,
சரியாகப் போனதாலேயே
இத்தனை காலம் என் கண்ணில் படாதவை.

கைபேசியில் குகேந்திரன்:
"குறைஞ்சிட்டுதாமே?"

பதில் எழுதாமல்
அடுத்த காலாண்டுக்கு ஒரு நிறம் தேடினேன்.
ஊதா மட்டும் மிச்சம் இருந்தது.